மூன்று பாகம் ஆழத்தில் மாதா

“தேடின இடமே தப்பு!”

இமெல்டா கடற்கரையில் ஓடி வந்தாள். ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையில் மூன்று விளக்குமாற்றுக் குச்சிகள்.

வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த சந்தியாகம்மாள் நிமிர்ந்தாள். மரியன்துறையில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. ஐம்பது வயது. குரல் பத்து வள்ளத்துக்குக் கேட்கும்.

“எதுட்டி தப்பு?”

“மாதா சுருவத்தைத் தேடின இடம், அத்தை! நானூறு மீட்டர் தள்ளித் தேடியிருக்கோம்!”

சந்தியாகம்மாளின் கை அப்படியே நின்றது.

மாதா சுருவம் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முழ உயர வெண்கலச் சிலை. ஆண்டுக்கொரு முறை திருவிழாவில் வள்ளத்தில் ஏற்றிக் கடல் பவனி கொண்டுபோவார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போனபோது, பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டின் மேல் எழுந்த ஓர் அலை வள்ளத்தைக் கவிழ்த்தது. சிலையைப் பிடித்திருந்தவர் இமெல்டாவின் அப்பா கஸ்பார். பதின்மூன்று வயது இமெல்டா கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில், இருட்டில் மாட்டிக்கொண்டாள். கஸ்பார் சிலையை விட்டார். மகளைப் பிடித்தார்.

ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவரே தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். அன்று முதல் கோயிலுக்குள் காலடி வைக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு வருவார். மனைவியும் மகளும் உள்ளே போவார்கள். அவர் வாசலுக்கு வெளியே நின்று முழுப் பூசையும் கேட்பார். மழை பெய்தாலும் அங்கேதான்.

இப்போது ஊரில் புதுச் சிலைக்குச் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிறு கொடியேற்றம். காலியாக இருக்கும் மாடத்தில் அன்று அதை வைத்துவிடுவார்கள். அதன் பிறகு பழைய மாதாவை யார் தேடப்போகிறார்கள்? அப்பா சாகும்வரை வெளியேதான் நிற்பார். இமெல்டாவைத் தூங்கவிடாமல் செய்தது அந்த எண்ணம்தான்.

“விளங்குத மாதிரி சொல்லுட்டி,” என்றாள் வியாகுலம். பெயர்தான் வியாகுலம். சந்தியாகம்மாளின் குழுவில் அவளைப் போலச் சிரிக்கிறவள் கிடையாது.

இமெல்டா மணலில் மண்டியிட்டாள். ஒரு குச்சியைக் குத்தினாள்.

“இது கோயில் கோபுரம்.” கடல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. “இது ஐஸ் கம்பெனித் தொட்டி. அப்பா சொன்ன கரை அடையாளம் என்ன? தொட்டிக்கு நேர் மேல கோபுரத்துச் சிலுவை தெரியணும். அந்தக் கோட்டுல போயி, பாரோட வெளி விளிம்புல மூணு பாகம் ஆழம். சரிதானே?”

“அது பச்சப் பிள்ளைக்கும் தெரியும்,” என்றான் வியாகுலத்தின் கணவன் பெல்சியான். வள்ளம் அவனுடையது. “அதே கோட்டுலதான் சங்கு குளிக்கவங்க ரெண்டு வருசம் தேடுனாங்க.”

“எந்தக் கோபுரத்தைப் பாத்து?”

“என்ன கேள்வி இது? நம்ம கோயில் கோபுரத்தை.”

“பழைய கோயிலையா, புதுக் கோயிலையா?”

பெல்சியான் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தான்.

கவிழ்ந்த ஆண்டு புயலும் மழையுமாகப் போனது. கடல் தெளிவதற்குள் பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். அதற்குத் தெற்கே புதுக் கோயில் எழும்பியது. பழைய இடம் கைப்பந்து மைதானமானது. கடலில் இருந்து பார்ப்பவர்களுக்குக் கோபுரம் கோபுரம்தான். தினமும் வலை போடும் இடங்களின் அடையாளங்களை ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே மாற்றிப் பழகிவிட்டார்கள். ஒரே ஒரு முறை, ஒரே ஒருவர் குறித்துக்கொண்ட இந்த அடையாளத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

“நேத்து திருவிழாப் பந்தலுக்கு அளக்கும்போது பங்குச் சாமியார் என்னை டேப்பைப் பிடிக்கச் சொன்னாரு. மணலுக்கடியில பழைய கோபுரத்து அடித்தளம் கால்ல தட்டுச்சு. அளந்தேன். நாப்பது மீட்டர் வித்தியாசம்.” கோபுரக் குச்சியைப் பிடுங்கிச் சற்று வடக்கே நட்டாள். மூன்றாவது குச்சியைப் படுக்க வைத்து, கோபுரத்தையும் தொட்டியையும் தொட்டுக் கடல் வரை நீட்டிக் காட்டினாள். “தொட்டி கோபுரத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால. பார் தொட்டியில இருந்து ரெண்டு கிலோமீட்டர். கரையில நாப்பதுன்னா அங்கே நானூறு. கோபுரம் தெற்கே போனதால நாம வடக்கே தள்ளிட்டோம்!”

பெல்சியான் தலையில் கை வைத்தான். “ஏ மாதாவே! ரெண்டு வருசம் வெறும் மணலையா சலிச்சோம்!”

“கச்சான் காத்து கிளம்பினா தண்ணி கலங்கிரும்,” என்றாள் சந்தியாகம்மாள். அவள் முடிவெடுத்துவிட்டாள். “நாளைக்குக் காலையில போறோம்.”

அன்று மாலை இமெல்டா அப்பாவிடம் சொன்னாள். கஸ்பார் ஒரு படகு என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். குச்சிக் கணக்கை ஒரு முறைதான் கேட்டார். உடனே பிடித்துக்கொண்டார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“சரிதான் மக்கா. கணக்கு சரிதான்.” ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். “நீயும் போறியா?”

“வள்ளத்துலதாம்பா இருப்பேன்.”

“அது எனக்குத் தெரியும்,” என்றார் அவர். “நீ தண்ணியில எறங்க மாட்டே.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு வலித்தது.

அவர் சொன்னது உண்மை. இமெல்டா இயற்பியலில் பட்டம் பெற்றவள். கடல் நீரில் ஓர் உடல் எப்படி மிதக்கிறது என்று சமன்பாடு எழுதிக் காட்டுவாள். ஆனால் முகம் தண்ணீருக்குள் போனால் கைகால் மரத்துவிடும். குளிக்கும்போது சோப்பு எரித்தாலும் கண்ணை மூட மாட்டாள். மூடினால் வள்ளத்தின் அடிப்பலகை தலைக்கு மேல் வந்துவிடும். விபத்துக்கு முன்பு பாசிப் பெண்களோடு போட்டி போட்டு மூழ்கியவள் அவள். இந்தப் பயம் போக வேண்டும் என்று பதினோரு ஆண்டுகளாகச் செபிக்கிறாள். அது போகவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பெல்சியான் கைப்பந்து மைதானத்து விளக்குக் கம்பத்தில் ஏறி, உச்சியில் ஒரு சிவப்புச் சேலையைக் கட்டினான். பழைய கோபுரம் நின்ற இடம் அதுதான்.

“அது என் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த சேலை!” என்று கீழே இருந்து கத்தினாள் வியாகுலம்.

“ஒரு தடவைதானே கட்டின! கம்பத்துக்கு இன்னும் பொருத்தமா இருக்கு!”

“கீழ எறங்கி வா. பொருத்தம் பாக்கேன்!”

வள்ளம் கிளம்பியது. கடல் கண்ணாடி போல இருந்தது. கரை சிறுத்துக்கொண்டே போனது. இமெல்டா கரையையே பார்த்திருந்தாள்.

“இன்னும் தெற்கே... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க அண்ணே!”

தொட்டிக்கு நேர் மேலே ஒரு சிவப்புப் புள்ளி! பெல்சியான் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டான். இரு கையையும் விரித்து, ஒரு விரிப்புக்கு ஒரு பாகம் என்று கயிற்றை அளந்தான்.

“ஒரு பாகம்... ரெண்டு... மூணு! விளிம்பேதான்!”

நங்கூரம் இறங்கியது. சந்தியாகம்மாளும் வியாகுலமும் கண்ணாடியை மாட்டினார்கள். சிலுவை போட்டுக்கொண்டு குதித்தார்கள்.

இந்தப் பெண்களிடம் கடிகாரம் கிடையாது. தண்ணீருக்குள் நேரத்தை, ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் அருள்நிறை மந்திரத்தால் கணக்கிடுவார்கள். மனதுக்குள் நிதானமாகச் சொல்வார்கள். ஒரு மந்திரம் முடிந்தால் பாதி மூச்சு. இரண்டு முடிந்தால் மேலே வர வேண்டும். மூன்று சொல்லக்கூடியவள் சந்தியாகம்மாள் ஒருத்திதான்.

முதல் முறை பாசியோடு வந்தார்கள். இரண்டாவது முறை வெறுங்கை. ஐந்தாவது முறை வியாகுலம் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் பச்சை பிடித்த ஒரு நீளமான பொருள்!

“குத்துவிளக்கா?”

“மெழுகுதிரித் தண்டு! பவனி வள்ளத்துல இருந்ததுட்டி!”

பெல்சியான் கூச்சலிட்டதில் நாலு கடல் காகங்கள் எழும்பிப் பறந்தன. அடுத்த மூழ்கலில் சந்தியாகம்மாள் அதிக நேரம் வரவில்லை. வந்தபோது வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இருக்கா. இருக்காட்டி. பாருக்கு அடியில ஒரு பொந்து. சின்ன அண்டா வாய் அகலம்தான் இருக்கும். உள்ளே கொஞ்ச தூரத்துல சாஞ்சு கிடக்கா. முகம் தெரியுது.”

“கயித்தைக் கட்டிட்டு வா அத்தை!”

“கை எட்டலியே! என் தோள் நுழையுமா அதுல?”

வியாகுலம் முயன்றாள். இடுப்பு வரை நுழைந்து அங்கேயே மாட்டிக்கொண்டாள். சந்தியாகம்மாள் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

“நான் அப்பவே சொன்னேன், காலையில அஞ்சு தோசை வேண்டாம்னு,” என்றான் பெல்சியான்.

“நீ எறங்கு பாப்போம்!”

“என் தோளுக்கு வாசக்கதவையே கழட்டணும். காது சவ்வும் கிழிஞ்சு கிடக்கு. கடப்பாரையால பொந்தை உடைச்சிரலாமா?”

“வேண்டாம்!” என்றாள் இமெல்டா, விளிம்பில் குனிந்து தெளிந்த தண்ணீருக்குள் பார்த்தபடி. “மேல் பாறை தனியா நிக்குது. தட்டினா சரிஞ்சு மொத்தமா மூடிரும்.”

பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் படும் பாட்டை அவள் பார்த்தாள். அந்த வள்ளத்தில் ஒல்லியான ஆள் அவள் ஒருத்திதான்.

“நாளைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வரலாம் மக்கா,” என்றாள் சந்தியாகம்மாள் மெதுவாக.

இமெல்டா தெற்கே பார்த்தாள். கடலின் விளிம்பில் தண்ணீர் கருத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று வருகிறது. நாளை என்று ஒன்று இல்லை.

அவள் கண்களை மூடினாள். அடிப்பலகை வந்தது. இருட்டு வந்தது. வழக்கமாகச் சொல்லும் செபம் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“ஆண்டவரே, பயத்தை எடுத்திரும்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இன்னைக்கு அதைக் கேக்கலை. பயத்தோடவே எறங்குறேன். நீரும் கூட எறங்கும்.”

கண்ணாடியை வாங்கி மாட்டினாள். “கயித்தைக் குடுங்க அண்ணே.”

வியாகுலம் கண்ணாடியின் பட்டையை அவளுக்கு இறுக்கிவிட்டாள்.

முதல் முறை முகத்தை முக்கினாள், உடனே எடுத்தாள். இரண்டாம் முறை நங்கூரக் கயிற்றைப் பிடித்துப் பாதி ஆழம் போனாள். மூன்றாம் முறை இரு பக்கமும் இரு பெண்களும் வர, மூக்கைப் பிடித்துக் காதுக்குக் காற்றை ஊதி, பொந்தின் வாய் வரை போனாள். உள்ளே இருட்டு. மந்திரங்கள் முடிந்துவிட்டன. திரும்பி மேலே பாய்ந்தாள்.

“என்னட்டி அதுக்குள்ள வந்துட்ட?” என்றாள் பின்னாலேயே வந்த வியாகுலம்.

“மூணு மந்திரம் முடிஞ்சிருச்சு, அக்கா! மூச்சு இருக்காது!”

“மூணா? நான் ஒண்ணே இன்னும் முடிக்கலையே!”

“நான் பாதியிலதான் நிக்கேன்,” என்றாள் சந்தியாகம்மாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிரித்தார்கள்.

“அந்த வேகத்துல சொன்னா மாதாவுக்கே மூச்சு வாங்கும்ட்டி! எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவா ஓடுத?”

இமெல்டாவுக்கும் சிரிப்பு வந்தது. நடுக்கத்தோடு வந்தது, ஆனாலும் வந்தது. வள்ளத்தைப் பிடித்தபடி பெல்சியானின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முறை நிதானமாக மந்திரம் சொன்னாள். இருபது வினாடி. தண்ணீருக்குள் சொன்ன வேகத்தில் இன்னொரு முறை. ஐந்து வினாடி.

ஆக, அவளுக்கு மூச்சு தீரவில்லை. மந்திரம்தான் தீர்ந்தது. செபித்ததாக நினைத்தாள். உண்மையில் சொற்களின் மேல் ஏறி ஓடியிருக்கிறாள்.

“இன்னொரு தடவை,” என்றாள்.

மூழ்கினாள். கயிற்றின் முனை கையில். பொந்தின் வாயில் நின்று முதல் சொல்லைச் சொன்னாள். அதன் பொருள் மனதில் நிற்கும்வரை அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. தலையை நுழைத்தாள். தோள் நுழைந்தது. இடுப்பும் நுழைந்தது. பாறை முதுகைத் தொட்டது. இருட்டு மூடிக்கொண்டது.

பலகைக்கு அடியில் இருந்த அதே இருட்டு! கால்கள் பின்னோக்கி உதைக்கத் துடித்தன.

அந்த மந்திரத்தின் கடைசியில் இரண்டு நேரங்கள் வருகின்றன. ஒன்று ‘இப்பொழுதும்’. மற்றது மரண வேளை. இத்தனை ஆண்டுகளாக அவள் காதில் விழுந்தது இரண்டாவது மட்டும்தான். இன்று அந்த முதலாவது சொல்லில் நின்றாள். இப்பொழுதும். இந்தப் பொந்திலும். இந்த இருட்டிலும். பயம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அங்கே பயம் மட்டும் இல்லை. யாரோ உடன் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று அவளால் எந்த நோட்டிலும் எழுத முடியாது.

கையை நீட்டினாள். குளிர்ந்த வெண்கலம்! கயிற்றைச் சிலையின் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். இறுகியது. இரண்டாவது மந்திரத்தின் கடைசிச் சொல்லையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பின்னால் நகர்ந்தாள்.

மேலே வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது.

“இழுங்க!”

பெல்சியான் இழுத்தான். பெண்கள் தண்ணீருக்குள் சிலையை வழிநடத்தினார்கள். ஒரு முறை சிக்கியது. விட்டுத் திருப்பி இழுத்தார்கள். நுரையோடு மேலே வந்தது மாதா சுருவம்! உடல் முழுக்கச் சிப்பி. தலையில் ஒரு கொத்துப் பாசி. மடிப்புக்குள் இருந்து ஒரு நண்டு இறங்கி, பெல்சியானின் காலைத் தாண்டி ஓடியது.

“பதினோரு வருசம் வாடகை இல்லாம இருந்திருக்கு பாரு,” என்றான் அவன், கண்ணைத் துடைத்தபடி.

காற்று அவர்களை விரட்டிக்கொண்டு வந்தது. வள்ளம் கரையை நெருங்கும்போதே கரையில் சத்தம் கேட்டது. யாரோ கோயில் மணியை அடித்தார்கள். ஊரே மணலில் நின்றது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீருக்கு ஓடி வந்தார். “புதுச் சிலைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கஸ்பார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் சிலையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்தார். தலைமுடியில் இருந்து தண்ணீர் அவர் முழங்கை வரை வழிந்தது.

“தலை நனைஞ்சிருக்கு,” என்றார். “நீயா எறங்கின?”

“ஆமாப்பா.”

“பயமா இல்லையா?”

“இருந்துச்சுப்பா. இப்பவும் இருக்கு. ஆனா அதை விடப் பெரிய ஆளு கூட வந்தாரு.”

இமெல்டா அவர் கையைப் பிடித்து வள்ளத்துக்குக் கூட்டிப் போனாள். சிலையின் மேல் இருந்த பாசியை விலக்கினாள். மாதாவின் இடது கையில் குழந்தை இயேசு இருந்தார். சிப்பிகள் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து மூடியிருந்தன.

“பாத்தீங்களா? இத்தனை வருசம் கடலுக்கடியில கிடந்தும் இவளும் பிள்ளையை விடலை. உங்களை இவளா தப்பு சொல்லுவா?”

கஸ்பார் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஒரு பக்கம் நீ பிடி,” என்றார்.

அப்பாவும் மகளுமாகச் சுமந்துகொண்டு போனார்கள். பின்னால் ஊர் வந்தது. வாசலில் கஸ்பாரின் கால் ஒரு கணம் தயங்கியது. இமெல்டா அவசரப்படுத்தவில்லை. ஒரு சொல்லில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். அவர் படி தாண்டினார்.

மாடத்தில் சிலையை வைத்ததும் கூட்டம் பாடத் தொடங்கியது. கஸ்பார் மட்டும் நடுவில் நின்று, கூரையையும் சன்னல்களையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தப் புதுக் கோயில் கட்டி முடித்து இத்தனை ஆண்டுகளில் அவர் உள்ளே வருவது இதுதான் முதல் முறை.

“ஏக்கா,” என்றார் சந்தியாகம்மாளிடம், கூச்சத்தோடு. “இங்க ஆம்பளையாளுக உக்காருத பக்கம் எது?”

“இன்னைக்கு நீ எங்க வேணும்னாலும் உக்காரு, கஸ்பாரு!”

அவளுடைய பத்து வள்ளத்துக் குரலில் கோயிலே சிரித்தது.